மருத்துவ உளவியலாளர் (இந்தியா)

மருத்துவ உளவியலாளர் என்பவர் மனநோய்களையும், உணர்வு, நடத்தை, அறிதிறன் ஆகியவற்றில் தோன்றும் சிக்கல்களையும் உளவியல் முறைகளால் மதிப்பிட்டு, உளவழிச் சிகிச்சை அளிக்கும் வல்லுநர் ஆவார். பேச்சு வழக்கில் இவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என அறியப்படுகிறார். இந்தியாவில் இது எவரும் தாமே சூட்டிக்கொள்ளக்கூடிய பெயர் அன்று. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவரும், இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்றுக்கொண்ட மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, அம்மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற பின்னரே இப்பெயரில் தொழில் புரியலாம். இளங்கலை, முதுகலை என ஐந்து ஆண்டுகள் உளவியல் படித்து முடித்த பின்னர் இவ்விதியை முதன்முறையாகக் கேள்விப்படும் மாணவர்கள் பலர் உள்ளனர்.

பெயர்க் குழப்பம்

மருத்துவ உளவியலாளர், மனநல மருத்துவர், உளவள ஆலோசகர் ஆகிய மூவரும் பொதுமக்களால் ஒருவராகவே கருதப்படுவதுண்டு. தமிழ்த் திரைப்படங்களில் மூவருமே "டாக்டர்" என்று அழைக்கப்படுவது இக்குழப்பத்தை வளர்த்துள்ளது. தமிழில் வழங்கும் "மருத்துவ உளவியல்" என்ற சொல்லும் ஓரளவு இதற்குக் காரணம். இத்தொழிலுக்கு மருத்துவப் பட்டம் தேவை என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது.

மனநல மருத்துவர் (சைக்கியாட்ரிஸ்ட்) எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற பட்ட மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தரும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் உளவியல் படிப்பின் வழியாக வருபவர். இந்தியாவில் இவர் மருந்து பரிந்துரைக்க இயலாது. மருந்து தேவைப்படும் நோயாளியை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்புவது இவரது கடமைகளுள் முதன்மையானது. உளவள ஆலோசகர் என்பது இவற்றைவிட மிகப் பரந்த பெயர். பள்ளி, குடும்பநல மன்றம், நிறுவனம் எனப் பல இடங்களில் வெவ்வேறு தகுதி உடையோர் இப்பெயரில் பணிபுரிகின்றனர்.

பணியின் தன்மை

இப்பணியின் இரு பெரும் பகுதிகள் மதிப்பீடும் சிகிச்சையும் ஆகும். கற்பித்தலும் ஆய்வும் பெரிய நிறுவனங்களில் இவற்றுடன் சேரும்.

மதிப்பீடு என்றவுடன் பலரும் வினாத்தாள்களையும் மைத்தடப் படங்களையும் நினைப்பர். உண்மையில் நோயாளியுடனும் குடும்பத்தாருடனும் நடத்தும் நீண்ட நேர்காணலே அதன் அடித்தளம். நோய் எப்போது தொடங்கியது, அதற்கு முன் அவர் எப்படி இருந்தார், உறக்கம், உணவு, வேலை, உறவுகள் எவ்வாறு மாறின என்பனவற்றை வரிசைப்படுத்தி எழுதுவதே பயிற்சி மாணவர் கற்கும் முதல் பாடம். நம் ஊர்களில் "எனக்கு மனச்சோர்வு" என்று கூறி எவரும் வருவதில்லை. "நெஞ்சு படபடக்கிறது", "உடம்பெல்லாம் எரிகிறது", "எதிலும் பிடிப்பு இல்லை" என்றே கூறுவர். அச்சொற்களின் பின்னால் இருப்பது மனச்சோர்வா, பதற்ற நோயா, அல்லது தைராய்டு போன்ற உடல்நோயா என்று பிரித்தறிய வேண்டும்.

நேர்காணலுக்குப் பின்னரே உளச்சோதனைகள் வருகின்றன. நுண்ணறிவு, ஆளுமை, நினைவாற்றல், கவனம், மூளைப் பாதிப்பினால் இழந்த திறன்கள் ஆகியவற்றை அளக்கத் தனித்தனிச் சோதனைகள் உள்ளன. வெளிநாட்டுச் சோதனையை அப்படியே இந்தியக் குழந்தைக்குக் கொடுக்க இயலாது. அக்குழந்தை பார்த்தறியாத பொருளைப் படத்தில் காட்டிப் பெயர் கேட்டால், அது அறிவை அளப்பதாகாது. இதனால் சில சோதனைகள் இந்தியச் சூழலுக்கு மாற்றி அமைக்கப்பட்டன. பிரான்சின் பினே சோதனையைக் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்கு ஏற்ப வி. வி. காமத் மாற்றி அமைத்தது பினே-காமத் சோதனை எனப்படுகிறது. வெக்சுலரின் குழந்தைகள் சோதனையை நாக்பூரில் மாலின் என்பவர் மாற்றி அமைத்தார். மூளைத்திறன் மதிப்பீட்டிற்கெனப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-இல் ஒரு சோதனைத் தொகுதியை வெளியிட்டது.

சோதனை முடிவு வெறும் எண் அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மதியிறுக்கம், மனநோய் ஆகியவை அடங்கும். அரசு நலத்திட்டங்கள் பலவற்றிற்கு 40 விழுக்காட்டுக் குறைபாடு என்ற வரம்பு உள்ளது. சான்றிதழை வழங்குவது மருத்துவ அதிகாரம் பெற்றோரே ஆயினும், அறிவுசார் குறைபாட்டிலும் கற்றல் குறைபாட்டிலும் அவர்கள் சார்ந்திருப்பது உளச்சோதனை அறிக்கையையே. காய்ச்சலோடும் பசியோடும் அமர்ந்திருந்த குழந்தைக்கு அவசரமாகச் சோதனை நடத்தி எழுதப்படும் அறிக்கை, அக்குழந்தையின் பள்ளி வாழ்வையே திசை மாற்றக்கூடும். மருத்துவ உளவியலாளருக்கு நீண்ட மேற்பார்வைப் பயிற்சி வலியுறுத்தப்படுவதற்கு இது ஒரு காரணம்.

சிகிச்சை என்பது அறிவுரை கூறுதல் அன்று. எடுத்துக்காட்டாக, எண்ணச் சுழற்சி நோயால் நாள்தோறும் பல மணிநேரம் கை கழுவும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "கை சுத்தமாகத்தான் இருக்கிறது, கழுவாதீர்கள்" என்று வீட்டார் ஆயிரம் முறை கூறியிருப்பர்; அதனால் பயனில்லை. சிகிச்சையாளர் முதலில் அவர் அஞ்சும் சூழல்களை அச்சத்தின் அளவுப்படி வரிசைப்படுத்துகிறார். கதவின் கைப்பிடியைத் தொடுவது கீழ்ப்படியிலும், பேருந்தின் கம்பியைப் பிடிப்பது நடுப்படியிலும், பொதுக் கழிப்பறைக் கதவு மேல்படியிலும் இருக்கலாம். பின்னர் கீழ்ப்படியில் தொடங்கி, அதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கச் செய்கிறார். பதற்றம் ஏறுகிறது, ஆனால் கழுவாமலே சிறிது நேரத்தில் தானாகத் தணிகிறது. இதை நோயாளி தன் உடலில் மீண்டும் மீண்டும் உணர்வதே சிகிச்சை. இலண்டனில் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இம்முறை, இன்று இந்நோய்க்கு முதன்மையான உளவழிச் சிகிச்சையாக உள்ளது. படிகளை எந்த வேகத்தில் ஏறுவது, நோயாளி பாதியில் எழுந்து சென்றால் என்ன செய்வது, வீட்டார் அவருக்காகத் தாமே கதவைத் திறந்துவிடுவதை எப்படி நிறுத்துவது ஆகியவை நூலில் இருந்தாலும், அனுபவமுள்ள ஒருவரின் கண்முன் செய்து பழகினால்தான் கைவரும்.

வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் 1896-இல் தொடங்கிய உளவியல் மருத்துவகமே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத ஒரு மாணவனை அவனது ஆசிரியை அழைத்து வந்ததே முதல் நேர்வு. "மருத்துவ உளவியல்" என்பதற்கு நிகரான ஆங்கிலப் பெயரை 1907-இல் தம் இதழில் முன்வைத்தவரும் விட்மரே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மனப்பாதிப்புற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க ஆட்கள் போதாமையால் இத்துறை அங்கு விரைந்து வளர்ந்தது. 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடைபெற்ற மாநாடு, இத்துறையினர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. இன்று இந்தியப் பாடத்திட்டங்களில் மருத்துவமனைப் பயிற்சியுடன் ஆய்வேடும் கட்டாயமாக இருப்பது இக்கருத்தை ஒட்டியதே.

இந்தியாவில் கல்கத்தா பல்கலைக்கழகம் உளவியலைத் தனித்துறையாக முதலில் ஏற்படுத்தியது. அங்கு 1921-இல் முனைவர் பட்டம் பெற்ற கிரீந்திரசேகர் போசு, 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் மருத்துவமனையோடு இணைந்த முறையான பயிற்சி பெங்களூரிலேயே தொடங்கியது. 1954-இல் நிறுவப்பட்ட அனைத்திந்திய மனநலக் கழகம், அதற்கு அடுத்த ஆண்டே மருத்துவ, சமூக உளவியல் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. இப்படிப்பே பின்னர் எம்.ஃபில். பட்டமாக மாற்றப்பட்டது. அக்கழகம் 1974-இல் மனநோய் மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம்) ஆனது. ராஞ்சியிலுள்ள மத்திய உளமருத்துவ நிறுவனத்தில் 1962-இல் இதே போன்ற படிப்பு தொடங்கியது. நீண்ட காலத்திற்கு இந்தியாவின் மருத்துவ உளவியலாளர்களுள் பெரும்பாலோர் இவ்விரு நகரங்களில் ஒன்றில் பயின்றவர்களாகவே இருந்தனர். இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கம் 1968-இல் அமைக்கப்பட்டது.

சட்ட நிலை

இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பணிபுரியும் சிறப்பாசிரியர், செவித்திறன் வல்லுநர் முதலியோருடன் மருத்துவ உளவியலாளரும் இச்சட்டத்தின்கீழ் சேர்க்கப்பட்டார். மன்றத்தின் மையப் பதிவேட்டில் இடம்பெறாதவர் மறுவாழ்வுத் தொழில் வல்லுநராகப் பணிபுரிந்தால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று சட்டம் கூறுகிறது.

மனநல மருத்துவமனையில் மருத்துவருடன் அருகருகே பணிபுரியும் ஒரு தொழில், நலவாழ்வு அமைச்சகத்தின்கீழ் வராமல் சமூகநீதி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் ஒரு மன்றத்தால் ஒழுங்குபடுத்தப்படுவது வியப்பாகத் தோன்றலாம். இத்தொழிலுக்கெனத் தனி மன்றம் இல்லாத நிலையில், மனவளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளுக்கான பணியின் வழியாக இது சட்டத்திற்குள் நுழைந்ததே இதன் காரணம்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுத்துள்ளது. மறுவாழ்வு மன்றம் ஏற்ற நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர், அல்லது உளவியலில் முதுநிலைப் பட்டத்துடன், மேற்பார்வையிடப்பட்ட மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டத்தை மன்றம் ஏற்ற படிப்பின் வழியாகப் பெற்றவர் என்பதே அவ்வரையறையின் சாரம். இச்சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

பிற உளவியலாளர்களும் ஆலோசகர்களும் 2021-இல் இயற்றப்பட்ட தேசிய இணைநலத் தொழில் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளனர். மறுவாழ்வு மன்றத்தின்கீழ் வரும் மருத்துவ உளவியலாளர் அதில் விலக்கப்பட்டுள்ளார். இவ்வாறு உளவியல் என்ற ஒரே துறையினர் இரு வேறு அமைப்புகளின்கீழ் பிரிந்துள்ளனர்.

கல்வியும் பயிற்சியும்

பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவு எடுத்தவரும் பொதுவாக உளவியல் இளங்கலையில் சேரலாம். உயிரியல் கட்டாயம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. அதன்பின் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல். இவ்விரண்டிற்கும் தொழில் உரிமையில் வேறுபாடு இல்லை. இதுவரை உள்ள பாதை எளிதே. அதன் மேல்தான் வழி குறுகுகிறது.

எம்.ஃபில். மருத்துவ உளவியல் பிற துறைகளின் எம்.ஃபில். பட்டம் போன்று நூலகத்தில் அமர்ந்து ஆய்வேடு எழுதும் படிப்பாக இருந்ததில்லை. இரண்டு ஆண்டுகளும் மருத்துவமனையிலேயே கழியும். புறநோயாளிப் பிரிவு, உள்நோயாளிக் கூடம், குழந்தைகள் பிரிவு, போதை மீட்புப் பிரிவு, நரம்பியல் பிரிவு எனச் சுழற்சி முறையில் மாணவர் பணிபுரிவார். ஒவ்வொரு நேர்வையும் எழுதி மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துத் திருத்தம் பெற வேண்டும். முழு நோயறி அறிக்கைகள், சிகிச்சைப் பதிவுகள், ஆய்வேடு ஆகியவற்றுடன் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. சேர்க்கைக்கு முதுநிலைப் பட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நுழைவுத் தேர்வில் வெற்றியும் தேவைப்பட்டன. ஒரு பேராசிரியர் மேற்பார்வையிடக்கூடிய மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், இடங்கள் எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தன. தமிழகத்தில் சென்னை போரூரிலுள்ள சிறீ இராமச்சந்திரா நிறுவனமும், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இப்பயிற்சியை அளித்துள்ளன.

எம்.ஃபில். தவிர நான்காண்டு சை.டி. என்னும் தொழில்முறை முனைவர் படிப்பும், ஓராண்டு தொழில்முறைப் பட்டயமும் மன்றத்தால் ஏற்கப்பட்டிருந்தன. பட்டயம் முடித்தவர் இணை மருத்துவ உளவியலாளராகவே பதிவு பெறுவார். தனித்துத் தொழில் நடத்த இயலாது, முழுத்தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் பணிபுரிய வேண்டும். உளவியலில் பொதுவான முனைவர் பட்டம் மட்டும் பெற்றவருக்கு அப்பட்டத்தின் பேரில் பதிவு கிடைப்பதில்லை. பெயருக்கு முன் "முனைவர்" என்று எழுதிக்கொள்ளலாம், மருத்துவ உளவியலாளர் என்று எழுதிக்கொள்ள இயலாது.

எம்.ஃபில். பட்டத்தின் முடிவு

தேசியக் கல்விக் கொள்கை 2020 எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளால் அப்பட்டம் முடிவுக்கு வந்தது. எல்லாத் துறைகளுக்கும் ஒரே கோடு கிழித்த இம்முடிவு, எம்.ஃபில். பட்டத்தையே தொழில் உரிமையாகக் கொண்ட மருத்துவ உளவியலை வேறு எத்துறையையும் விடக் கடுமையாகப் பாதித்தது. மனநல வல்லுநர்கள் போதாத நாட்டில், அவர்களை உருவாக்கும் முதன்மை வழி மாற்று ஏற்பாடு முழுமை பெறும் முன்னரே அடைபடும் நிலை ஏற்பட்டது. இதை உணர்ந்த மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் உளமருத்துவச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளிப்பதாக 2024 சனவரியில் அறிவித்தது. முன்னரே பெறப்பட்ட எம்.ஃபில். பட்டங்களின் தகுதி இதனால் பாதிக்கப்படவில்லை.

இதற்கு மாற்றாக, இளநிலை, முதுநிலைப் பட்டங்களிலேயே மருத்துவமனைப் பயிற்சியை இணைத்த தனிப் படிப்புகளை மறுவாழ்வு மன்றம் வகுத்துள்ளது. இங்கு மாணவர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய இடம் ஒன்றுண்டு. "எம்.எஸ்சி. மருத்துவ உளவியல்" என்ற பெயரில் பட்டம் வழங்கும் கல்லூரிகள் முன்பிருந்தே பல உள்ளன. படிப்பின் பெயரில் அச்சொல் இருப்பதனாலேயே மன்றத்தின் ஏற்பு இருப்பதாகாது. ஏற்பு நிறுவனத்திற்கும் படிப்பிற்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. ஆகவே சேர்வதற்கு முன், தாம் சேரும் ஆண்டிற்கு அப்படிப்பு மன்றத்தின் இணையதளப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். கல்லூரியின் கையேட்டையோ சேர்க்கை அலுவலரின் வாய்மொழியையோ நம்பி இரண்டு ஆண்டுகளை இழப்பவர்கள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளே.

பிற துறைகளிலிருந்து வருவோர்

பொறியியல், வணிகவியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் பணியாற்றிய பின் இத்துறைக்கு வர விரும்புவோர் தற்போது கணிசமாக உள்ளனர். அவர்கள் நேரடியாக மருத்துவமனைப் பயிற்சியில் சேர இயலாது. உளவியலில் முதுநிலைப் பட்டம் முதலில் தேவை. பிற துறைப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்ட தொலைநிலை எம்.ஏ. படிப்புகள் பல ஆண்டுகள் இவர்களுக்குக் கைகொடுத்தன. ஆனால் உளவியல் உள்ளிட்ட நலத்துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக்கூடாது என்று மானியக் குழு 2025-இல் அறிவித்ததால், அக்கல்வியாண்டு முதல் அவ்வழியில் புதிய சேர்க்கை நின்றது. வேலையை விடாமலே உளவியல் படிக்கலாம் என்ற திட்டம் இன்று பொருந்தாது. மாத ஊதியத்தைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் முழுநேர மாணவராக இருக்கக் குடும்பத்தின் பொருளாதாரம் இடம்தருமா என்பதை முன்கூட்டியே கணக்கிடுதல் நலம். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை எல்லா நிறுவனங்களிலும் வழங்கப்படுவதில்லை. தனியார் நிறுவனங்களில் கட்டணமும் உண்டு.

பணியிடங்கள்

மனநல மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகள், போதை மீட்பு மையங்கள், குழந்தை வளர்ச்சி மையங்கள், சிறைகள், தொண்டு நிறுவனங்கள் ஆகிய இடங்களில் இவர்கள் பணிபுரிகின்றனர். பெருநகரங்களில் தனித்தொழில் செய்வோரும் பலர்.

அரசுத் துறையில் குறிப்பிடத்தக்கது மாவட்ட மனநலத் திட்டம். 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் இது தொடங்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றாகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி இருந்தது. இத்திட்டக் குழுவில் மருத்துவ உளவியலாளருக்கு ஓர் இடம் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானசு என்னும் தொலைபேசி மனநலச் சேவையும் (14416) இத்துறையினரைப் பயன்படுத்துகிறது.

தேவையின் அளவை 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய இக்கணக்கெடுப்பில், வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் இருந்தனர். நோய்வகைகளைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாதிருந்தனர். இவ்விடைவெளியை உரிய பயிற்சி அற்றவர்களும் நிரப்பி வருகின்றனர். மனச்சிதைவின் தொடக்கநிலையில் இருக்கும் இளைஞருக்கு மாதக்கணக்கில் ஊக்கப் பேச்சு மட்டும் கிடைத்தால், மருந்தால் விரைவில் கட்டுப்பட்டிருக்கக்கூடிய நோய் முற்றிவிடும்.

பதிவைச் சரிபார்த்தல்

பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் மறுவாழ்வு மன்றம் ஒரு பதிவெண் வழங்குகிறது. இப்பதிவு குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குத் தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் பெற்றிருத்தல் வேண்டும். மன்றத்தின் இணையதளத்தில் பெயர் அல்லது பதிவெண் கொண்டு எவரும் தேடிப் பார்க்கலாம். சிகிச்சைக்குச் செல்வோர் பதிவெண்ணைக் கேட்பது தவறோ அவமதிப்போ அன்று. உளவள ஆலோசகராக மட்டும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வோரிடம் இப்பதிவெண் இல்லாதிருப்பது இயல்பே. மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைத்திருப்பவரிடம் அது இருந்தே ஆக வேண்டும்.